இடது பக்கக் கதவு

போன வியாழக்கிழமை, டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில், கொட்டுகிற மழையில், சுகுணாவின் காலடியில் காரின் தரை உள்வாங்கியது. கால் மிதியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கை அகல ஓட்டை. கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அலறவில்லை.

"என்னங்க, ரோடு தெரியுது" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நாகலிங்கம் சிரிக்கவில்லை. பயந்துவிட்டார். பதினெட்டு வருஷமாக அந்த வெள்ளைக் காரை யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிறவர், வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, "வித்துடலாம்" என்றார்.

மகள் நளினி அந்த நிமிஷமே தன் சிநேகிதி ஹுஸ்னாவுக்குப் போன் போட்டாள். ஹுஸ்னா கார் ஷோரூமில் வேலை பார்க்கிறாள். மெயின்லேண்டிலிருந்து அந்த வாரக் கப்பலில் ஐந்து புது வண்டிகள் தீவில் வந்து இறங்கியிருந்தன. நாலு போய்விட்டன. மிச்சமிருக்கும் ஒன்று நீலம். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு அதை எடுக்கலாம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அடுத்த கப்பலில் வண்டி வருமா, எப்போது வரும், யாருக்கும் தெரியாது.

இன்றைக்குச் சனிக்கிழமை. பத்து மணிக்குப் பழைய வண்டியை மதிப்புப் போட ஹுஸ்னா வருகிறாள்.

காலை எட்டு மணிக்குச் சுகுணா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாகலிங்கம் மழைத்தண்ணீர் டிரம்மிலிருந்து வாளி வாளியாக மொண்டு காரைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வருவது மூன்று நாளைக்கு ஒரு தடவை. அதற்காகக் கூட்டி வைத்த தண்ணீரை, விற்கப் போகிற வண்டிக்கு ஊற்றுகிறார். சக்கரத்துக்கு நடுவில் விரலை விட்டு அழுக்கை எடுக்கிறார்.

"அப்பா, அவங்க எடை பார்த்தா வாங்கப் போறாங்க? எதுக்கு இந்தக் குளிப்பாட்டு?" என்று நளினி வாசலில் நின்று கேட்டாள்.

"வர்றவங்க முன்னாடி அழுக்கா நிக்கக் கூடாதுல்ல."

"பொண்ணு பார்க்கவா வர்றாங்க?"

"வாய மூடிட்டு அந்தத் துணிய எடு."

சுகுணா தோசையைத் திருப்பினாள். அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. இரண்டு நாளாக இருந்தது. சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டால்?

விஷயம் இதுதான். அவள் உட்காரும் இடது பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒன்பது வருஷம். உள்ளே கம்பி துருப்பிடித்து, கண்ணாடியும் நாலு விரல் அகலத்துக்கு மேல் இறங்காது. எனவே, தினமும் காலையில் அவளுடைய அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, நாகலிங்கம் தன் பக்கம் இறங்கி, முன்னால் சுற்றி வந்து, கதவைத் திறந்து விடுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் மறுபடியும்.

புது பார்ட் வந்தால் மாற்றிவிடலாம். "கப்பல் வரல" என்று அவர் சொன்னார். சுகுணாவும் நம்பினாள். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த யாரும் அந்த வார்த்தைக்கு மறு கேள்வி கேட்பதில்லை. வெங்காயம் இல்லையா, கப்பல் வரல. சிமென்ட் இல்லையா, கப்பல் வரல. ஒரு கைப்பிடி ஒன்பது வருஷம் வராமலிருந்தால் அதுவும் அப்படித்தான்.

அலுவலகத்தில் யாருக்கும் கைப்பிடி உடைந்த கதை தெரியாது. வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள் என்று மாடி வராந்தாவில் நிற்கிற எல்லோரும் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு மனிதர் தினமும் இறங்கி வந்து மனைவிக்குக் கதவு திறக்கிறார்.

"ராணியம்மா இறங்கியாச்சு" என்பாள் பக்கத்து மேஜை ஜெயமணி. "உன் வீட்டுக்காரர் மாதிரி வீட்டுக்கு ஒண்ணு செஞ்சு கப்பல்ல அனுப்பச் சொல்லுடி."

சுகுணா சிரித்துவிட்டு ஃபைலைத் திறப்பாள். ஒரு நாளும் உண்மையைச் சொன்னதில்லை. இது ஏமாற்றுதானே என்று சில மதியங்களில் தோன்றும். அவர் கைப்பிடிக்காக இறங்கி வருகிறாரா, எனக்காகவா? ஐம்பத்திரண்டு வயதில், மேல்நிலை எழுத்தராக இருக்கிற ஒருத்தி, இதை உட்கார்ந்து யோசிக்கலாமா? யோசித்தாள். புதுக் காரில் கைப்பிடி இருக்கும். அப்போது தெரிந்துவிடும். அந்தத் தெரிதல்தான் அவளுக்கு வேண்டாமாக இருந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை இரவே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். வண்டியை இத்தனை வருஷமாகப் பார்த்து வரும் லம்பா லைன் மெக்கானிக் ஜாபருக்குப் போன் செய்து, "காலைல ஒரு எட்டு வந்துட்டுப் போங்க ஜாபர். அவர்கிட்ட நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க" என்றாள்.

ஜாபர் ஹுஸ்னாவின் வாப்பா.

பத்து மணிக்கு இரண்டு ஸ்கூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் நின்றன.

"வாப்பா! நீங்க எங்க இங்க?" என்று ஹுஸ்னா ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஷோரூம் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு படிவம்.

"ஏன், இது என் வண்டி. நோயாளியப் பார்க்க டாக்டர் வரக்கூடாதா?"

"டாக்டர் வேலை முடிஞ்சிருச்சு வாப்பா. அடுத்து எங்க வேலை."

"தேக்கோ, பாருங்க அக்கா" என்றார் ஜாபர் சுகுணாவிடம். "நான் ஆஸ்பத்திரி வச்சிருக்கேன். என் பொண்ணு அடக்கம் பண்ற இடத்துல சம்பளம் வாங்குது."

நளினி விழுந்து விழுந்து சிரித்தாள். நாகலிங்கம் வாளியோடு நின்று ஜாபரைப் பார்த்தார்.

"உன்னை யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல அண்ணே. இந்தப் பக்கம் வந்தேன், ஒரு சாயா குடிக்கலாம்னு."

சுகுணா வேகமாக உள்ளே போய் டீ போட்டாள்.

டீ குடித்து முடிப்பதற்குள் ஹுஸ்னா பாதிப் படிவத்தை நிரப்பிவிட்டாள். டயர், லைட், பெயின்ட். ஒவ்வொன்றுக்கும் ஜாபர் பக்கத்திலேயே நின்று மறுப்பு சொன்னார்.

"டயர் வீக்."

"இன்னும் அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடும்."

"பெயின்ட் போயிருச்சு."

"உனக்குக் கண்ணு போயிருச்சு."

"லெஃப்ட் டோர், இன்னர் ஹேண்டில்..." ஹுஸ்னா குனிந்து பார்த்தாள். "ஹேண்டிலே இல்லியே அங்கிள்?"

"பார்ட் வரல. கப்பல்..." என்ற நாகலிங்கம் முடிக்கவில்லை. "ஆர்.சி. புக் எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். வேகமாகவே போனார்.

ஹுஸ்னா டிக்கியைத் திறந்தாள். ஜாக்கி, பழைய குடை, தண்ணீர் பாட்டில். ஸ்டெப்னி டயரின் காற்றைப் பார்க்க அதைத் தூக்கியபோது, அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. நூல் கட்டியிருந்தது. நூலில் கப்பல் பார்சலோடு வருகிற சீட்டு ஒன்று மஞ்சளாகத் தொங்கியது.

"ஆன்ட்டி, இது உங்களோடதா?"

சுகுணா கையில் டீ கிளாஸ்களோடு வந்தாள். ஹுஸ்னா கவரைப் பிரித்தாள். உள்ளே புதுக் கைப்பிடி. கறுப்பு. ஒரு கீறல்கூட இல்லை.

"யா அல்லா!" என்று ஜாபர் தொடையில் தட்டினார். "இது இன்னும் இங்கயா கெடக்கு?"

"என்ன இது ஜாபர்?" என்றாள் சுகுணா.

"இந்தக் கதவோட கைப்பிடி அக்கா. எப்பவோ வந்துச்சு. கொண்டா அண்ணே, அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னேன். அடுத்த வாரம்ன்னார். அடுத்த வாரம் கேட்டேன். அடுத்த மாசம்ன்னார். அப்புறம் நானே மறந்துட்டேன்..." பாதியில் அவருக்கு ஏதோ புரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஹுஸ்னா சீட்டில் இருந்த தேதியைப் படித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய டிசம்பர்.

"ஒன்பது வருஷமா?" என்றாள் நளினி. "அப்போ தினமும் அப்பா சுத்தி வந்து..." அவளும் நிறுத்தினாள். பிறகு அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "அரே வா, அப்பா!"

சுகுணா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். டீ கிளாஸ்களைக் கார் மேலேயே வைத்துவிட்டாள்.

நாகலிங்கம் அலமாரி முன்னால் நின்றிருந்தார். ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தது. ஆனாலும் இன்னும் தேடுகிற மாதிரி நின்றார். மனைவி கையில் இருப்பதைப் பார்த்ததும் தேடுவதை விட்டுவிட்டார்.

"கப்பல் வரலைன்னீங்க."

"மொதல்ல வரலதான்."

"அப்புறம்?"

"வந்துச்சு."

சுகுணா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"ஏங்க?"

நாகலிங்கம் பேச்சுக்காரர் இல்லை. மின்சாரத் துறையில் முப்பது வருஷம் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தவர். சைகையிலேயே பாதி வாழ்க்கை போனது. அவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்கப்பா தவறிப்போன வருஷம் அது. நீ யார் முகத்தையும் பார்க்க மாட்ட. சோறு போடுவ, ஆபீஸ் போவ, நளினிக்குத் தல பின்னுவ, எல்லாம் தரையப் பார்த்துக்கிட்டே. நான் என்ன பேசினாலும் 'ம்'தான்."

சுகுணாவுக்கு அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. சென்னையில் அப்பா பழனிசாமி கண் மூடிய வாரம், கடலில் புயல். விமானம் இல்லை. கப்பல் இல்லை. நாலாம் நாள்தான் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் முத்துகிருஷ்ணன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "கப்பல் வரலைன்னு சொல்லாத. மனசிருந்தா வந்திருப்ப." அன்றைக்கு விட்டது, அண்ணனோடு பேச்சு.

"அப்பதான் கைப்பிடி ஒடஞ்சுது" என்றார் நாகலிங்கம். "நான் சுத்தி வந்து கதவத் தெறப்பேன்ல? அப்ப மட்டும் நீ நிமிர்ந்து பார்ப்ப. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பார்ட் வந்தப்ப ஜாபர் அஞ்சு நிமிஷம்னான். எனக்கு மனசு வரல. இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு ஸ்டெப்னிக்கு அடியில வச்சேன்." அவர் தலையைச் சொறிந்தார். "அந்த ஒரு வாரம் இப்படி இழுத்துக்கிச்சு."

வெளியே ஜாபரும் மகளும் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. சுகுணா கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு லேசாக இருக்கிறது. அந்த வருஷம் முழுக்க, தான் தனியாக ஒரு இருட்டுக்குள் உட்கார்ந்திருந்ததாக அவள் நினைத்திருந்தாள். ஒருவர் வெளியே நின்று தினமும் இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஆபீஸ்ல யார்கிட்டயும் கைப்பிடி உடைஞ்சிருக்குன்னு நான் சொன்னதே இல்ல."

"சொல்லலியா?"

"ம்ஹூம்."

"ஒன்பது வருஷமா? அப்ப அவங்கல்லாம் என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருக்காங்க?"

"ரொம்ப நல்ல மாதிரின்னு."

நாகலிங்கத்துக்குக் காது சிவந்தது. "அதான் அந்த ஜெயமணி என்னைப் பார்த்தா ஒரு மாதிரி கும்பிடுதா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நளினி கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினாள்.

சிரிப்பு அடங்கியதும் சுகுணா பொட்டலத்தை மறுபடி சுற்றினாள். அப்போதுதான் அந்த மஞ்சள் சீட்டின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அனுப்பியவர் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. ப. முத்துகிருஷ்ணன். சென்னை. கீழே பத்து இலக்கத்தில் ஒரு போன் நம்பர்.

அண்ணன்.

பேச்சு நின்ற அதே வருஷத்தில், இரண்டே மாதம் கழித்து, அண்ணன் கடை ஏறி அவளுடைய கதவுக்குக் கைப்பிடி வாங்கி அனுப்பியிருக்கிறான். அவனிடம் கேட்டு வாங்கியவர் இவராகத்தான் இருக்க வேண்டும், இவரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். நாகலிங்கம் முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. அதை இப்போது கலைக்க அவளுக்கு மனமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கதவு போதும். சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"சரி, அது அது. இது இது" என்றார் நாகலிங்கம். "கைப்பிடிக்காக ஓட்டை வண்டில உன்னை உட்கார வைக்க முடியாது. அன்னிக்கு உன் கால் போயிருந்தா? நீல வண்டிய எடுத்துடலாம்."

அதுதான் சிக்கல். அவர் விற்க நினைத்ததும் அவளுக்காகத்தான். அவள் விற்க வேண்டாம் என்று நினைத்தது அவருக்காக. இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் வண்டி எங்கே போகும்?

"ஜாபர் ஒரு தடவை அடில பார்க்கட்டும். அவர் வேண்டாம்னா நான் பேசாம கையெழுத்துப் போடறேன்" என்றாள் சுகுணா. "ஓடும்னா, வண்டி இருக்கட்டும்."

"அவன் ஓடும்னுதான் சொல்லுவான்."

"ஓடும்னு சொன்னா மகளோட வியாபாரம்ல கெடும்? பொய் சொல்ல மாட்டார்."

ஜாபர் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் போனது. சுத்தியலால் தட்டுகிற சத்தம். எல்லாரும் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிஷம் அப்படி நிற்பது, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல இருந்தது. சுகுணா நகத்தைக் கடித்தாள். பள்ளிக்கூடத்தோடு விட்ட பழக்கம்.

அவர் வெளியே வந்து முழங்கையில் ஒட்டிய கறுப்பைக் காட்டினார்.

"பார்த்தீங்களா? வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி பழைய இஞ்சின் ஆயில அடியில பூசச் சொல்லுவேன்ல, அண்ணன் ஒழுங்கா பூசியிருக்கார். கடல் உப்பு ஏறவே இல்ல. அடி ஏக்தம் பக்கா."

"அப்போ ஓட்டை?" என்றாள் ஹுஸ்னா.

"அது வெளியேருந்து வந்தது இல்ல. அக்கா நனைஞ்ச செருப்ப வைக்கிற இடம். மிதிக்குக் கீழ தண்ணி தங்கித் தங்கி, உள்ளேருந்து அரிச்சிருக்கு. அந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டு, தகடு வச்சு வெல்ட் பண்ணா, அண்ணே, யானையே ஏறி உட்காரலாம்."

"அம்மாவையா சொல்றீங்க?" என்றாள் நளினி.

"சும்மா இரு" என்று சுகுணா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அடி வலுவாகவே விழுந்தது. சந்தோஷத்தில் அளவு தெரியவில்லை.

நாகலிங்கம் மட்டும் இன்னும் அசையவில்லை. "எவ்வளவு நாள் தாங்கும்? மறைக்காம சொல்லு."

"ஆர்.சி. இன்னும் எவ்வளவு நாளைக்கு இருக்கு?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம் என் பொறுப்பு. அதுக்கப்புறம் நானே என் பொண்ணு கைல ஒப்படைச்சிடறேன்."

நாகலிங்கம் மனைவியைப் பார்த்தார். சுகுணா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"சரி, போடு வெல்டு" என்றார்.

ஹுஸ்னா படிவத்தை நாலாக மடித்தாள். "ஒரு கைப்பிடி என் வியாபாரத்தையே கெடுத்திருச்சு. பரவாயில்ல ஆன்ட்டி. நீல வண்டிக்கு திக்லிபூர் பாக்கு வியாபாரி ஒருத்தர் நேத்தே பஸ் பிடிச்சு வந்து ஷோரூம் வாசல்ல உக்காந்திருக்கார். உங்களுக்காகத்தான் அவர நிறுத்தி வச்சிருந்தேன்." வாப்பாவைப் பார்த்து முறைத்தாள். "ராத்திரி வீட்ல பேசிக்கறேன்."

ஜாபர் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, காரைப் பட்டறைக்கு ஓட்டிப் போக ஏறப் போனவர், ஞாபகம் வந்து திரும்பினார். "அக்கா, கைப்பிடி? அதையும் போட்டுடவா?"

நாகலிங்கம் காலி வாளியை எடுத்துத் தண்ணீரைக் கொட்டுகிற மாதிரி செய்தார்.

வேண்டாம் என்றுதான் சுகுணாவுக்கு வாயில் வந்தது. உடைந்தே இருக்கட்டும், இன்னும் இரண்டு வருஷம் ராணியம்மாவாக இறங்கலாம். ஆனால் உடைந்த கதவை வைத்துக்கொண்டு ஒருவரை இறங்கி வரச் செய்வதில் என்ன இருக்கிறது? காலையில் அவளுக்கு வேண்டாமாக இருந்த அந்தத் தெரிதல், இப்போது வேண்டும்போல் இருந்தது.

"போடுங்க" என்றாள்.

நாகலிங்கத்தின் முகம் ஒரு கணம் வாடியதை அவள் பார்த்தாள்.

நாலு மணிக்கு மூன்று பேரும் லம்பா லைனுக்கு ஆட்டோவில் போய் வண்டியை எடுத்தார்கள். காலடியில் புதுத் தகடு, அதன்மேல் சிவப்பு பெயின்ட், அதன்மேல் புது மிதி. சுகுணா செருப்புக் காலால் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். ரோடு தெரியவில்லை. கதவில் கறுப்புக் கைப்பிடி பளபளவென்று இருந்தது. பழைய வண்டியில் அது மட்டும், கிழவர் வாயில் ஒற்றைப் புதுப் பல் மாதிரி.

"அபர்தீன் பஜார்ல மீன் வாங்கிட்டுப் போகலாம்" என்றார் நாகலிங்கம். பின் சீட்டில் நளினி ஹுஸ்னாவோடு போனில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பஜாரில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வீட்டுக்குப் போய்விடும். கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. நாகலிங்கம் ஓரமாக வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்தார். பிறகு உட்கார்ந்தே இருந்தார்.

"இனிமே நீயே..." என்றார். முடிக்கவில்லை.

"ம்" என்றாள்.

அவர் இறங்கினார். கதவைச் சாத்தினார். பழக்கத்தில் கால் வண்டியின் முன்பக்கம் திரும்பியது. நின்றது. பிறகு மீன் கடைப் பக்கம் நடந்தார். ஒரு அடி. இரண்டு. ஐந்து.

சுகுணா மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய நீலச் சட்டை கூட்டத்துக்குள் போவது தெரிந்தது. நான்தானே போடச் சொன்னேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நெஞ்சு மட்டும் கேட்கவில்லை, பதினெட்டு வயதுப் பெண்ணுடையது போல அடித்துக்கொண்டது.

"அம்மா, இழும்மா" என்றாள் நளினி. "புதுசு. லேசா இழுத்தாலே போதும்."

"தெரியும்."

"அப்போ இழேன்!"

சுகுணா இழுக்கவில்லை.

நாகலிங்கம் மீன் கடைக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் ஒரு சூரை மீனைத் தூக்கிக் காட்டினார். அவர் மீனைப் பார்க்கவில்லை, திரும்பி வண்டியைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார். மீன்காரர் விலை சொல்லச் சொல்ல, அவர் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். முன்னால் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார்.

சுகுணா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன், கைப்பிடி வேலை செய்யலையா?" என்றார் மூச்சு வாங்க.

"கப்பல் இன்னும் வரல" என்றாள் சுகுணா.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சிரித்தார். பஜாரில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரிப்பார். அது எங்கே போயிற்று என்று அவள் நினைத்ததுண்டு. எங்கும் போகவில்லை போலிருக்கிறது, இந்த வண்டியிலேயே எங்கோ பத்திரமாக இருந்திருக்கிறது.

"பர்ஸ் குடும்மா, நான் வாங்கிட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க" என்று நளினி முன்சீட்டுக்குக் கையை நீட்டி அம்மாவின் கைப்பையை எடுத்தாள். பர்ஸை இழுத்தபோது அதோடு ஒரு மஞ்சள் சீட்டும் வெளியே வந்து விழுந்தது. அதை எடுத்துக் கடை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது அந்தப் பார்சல் சீட்டு இல்ல? முத்துகிருஷ்ணன்..." அவள் குரல் மாறியது. "அம்மா, இது நம்ம சென்னை மாமாவா?"

நாகலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தார்.

சுகுணா காரிலிருந்து இறங்கினாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, அவரோடு சேர்ந்தே கதவைச் சாத்தினாள்.

"முதல்ல மீன் வாங்குவோம்" என்றாள். "சாப்பிட்டுட்டு, நீங்களே நம்பரைப் போட்டுக் குடுங்க. நான் பேசறேன்."